ஐட்ஸ்வொல் மாளிகையும் வாசலுக்கு வெளியே நின்றவர்களும்

நார்வேக்குப் போகிற நம்மவர்கள் ஆஸ்லோவில் இறங்கியதும் மேற்கே திரும்பிவிடுகிறார்கள். பெர்கன், கெய்ராங்கர், மலைகளுக்கு நடுவே புகுந்து கிடக்கும் கடல். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த நாடு எப்படி ஒரு நாடாயிற்று என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் எதிர்த்திசையில், வடகிழக்கே போகும் ரயிலில் ஏற வேண்டும். ஜூலை மாதத்தில் ஒரு காலை நான் ஏறியது ஐட்ஸ்வொல் போகும் ரயிலில்.

நார்வேயில் முதன்முதலாக ரயில் ஓடியதே இந்த ஊருக்குத்தான். 1854 செப்டம்பர் 1 அன்று பாதை திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் ராபர்ட் ஸ்டீபன்சன் வந்து போட்டுக்கொடுத்த 68 கிலோமீட்டர் பாதை. பயணிகளைவிட மரத்தை மனத்தில் வைத்துப் போட்டது. மியோசா ஏரியைச் சுற்றியுள்ள காடுகளில் வெட்டிய மரத்தைத் தலைநகரின் துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து அது ஐரோப்பா முழுதும் போகும். இன்றைய விரைவு ரயில்கள் விமான நிலையம் வழியாக வேறு பாதையில் போகின்றன. ஜன்னலுக்கு வெளியே மட்டும் அதே ஸ்ப்ரூஸ் காடுகள், இடையிடையே மஞ்சள் பூத்த வயல்கள், சிவப்புச் சாயம் பூசிய தானியக் கொட்டில்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டு நார்வேயை இந்த மரத்தை வைத்தே சொல்லிவிடலாம். டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்து ஆண்ட அரசர் கோபன்ஹேகனில் இருந்தார். 1660 முதல் அங்கே நடந்தது முழு முடியாட்சி. மக்கள் சபை எதுவும் கிடையாது. நார்வே மரமும் மீனும் செம்பும் வெள்ளியும் கொடுத்தது. தானியத்துக்கு டென்மார்க்கை நம்பியிருந்தது. பல்கலைக்கழகம்கூடக் கிடையாது. பாதிரியாராகவோ நீதிபதியாகவோ ஆக விரும்பியவன் கோபன்ஹேகனுக்குக் கப்பல் ஏற வேண்டும். ஆஸ்லோவின் பெயர் அப்போது கிறிஸ்டியானியா. அதன் மர வணிகர்களில் முதல் குடும்பம் ஆங்கர் குடும்பம். 1795இல் நார்வேக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் மேரி வோல்ஸ்டன்கிராஃப்டும், 1799இல் வந்த பொருளியலாளர் மால்தஸும் அந்தக் குடும்பத்தின் பெர்ன்ட் ஆங்கரைச் சந்திக்காமல் போகவில்லை.

ஐட்ஸ்வொல் மாளிகை அதே குடும்பத்தைச் சேர்ந்த கார்ஸ்டன் ஆங்கரின் வீடு. 1624இல் தொடங்கிய இரும்பு உருக்காலை ஒன்று இங்கே இருந்தது. 1794இல் அதை வாங்கிய கார்ஸ்டன், பழைய வீட்டை விரிவாக்கிப் புதுப்பித்து இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கல் மாளிகைபோலத் தெரிகிறது; அருகே போனால் முழுக்க மரம். சுற்றிலும் புல்வெளி, பக்கத்தில் ஆறு. உருக்காலை 1822இல் மூடப்பட்டுவிட்டது. அது இயங்கிய காலத்தில் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் ஆலை வைத்த விலைக்கு மரக்கரி சுட்டுக் கொண்டுவந்து போட வேண்டும் என்பது சட்டம். நாட்டின் இரும்பாலைகளுக்கெல்லாம் அரசர் வழங்கியிருந்த உரிமை அது.

கார்ஸ்டன் ஆங்கருக்கு இன்னொரு பதவியும் இருந்தது. கோபன்ஹேகனில் இயங்கிய டேனிஷ் ஆசியக் கம்பெனியின் இயக்குநர்களில் அவர் ஒருவர். அந்தக் கம்பெனியின் கப்பல்கள் கான்டனிலிருந்து தேயிலையும் இந்தியாவிலிருந்து துணியும் ஏற்றிவந்தன. அவருடைய அண்ணன் பீட்டர் ஆங்கர் 1788 முதல் 1806 வரை நம் தரங்கம்பாடியில் ஆளுநர். டேனிஷ் கோட்டை என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். கொடி டென்மார்க்–நார்வே இரட்டை அரசின் கொடி. பதினெட்டு ஆண்டுகள் அதன் கீழ் உட்கார்ந்து ஆண்டவர் ஒரு நார்வேக்காரர். இளம் வயதில் சகோதரர்கள் இருவரும் ஆசிரியர் ஒருவருடன் ஐரோப்பாவைச் சுற்றினார்கள். அப்போது கிளாஸ்கோவில் ஆடம் ஸ்மித்தைச் சந்தித்தார்கள். பிறகு பிரான்சின் துலூஸ் நகரில் மறுபடியும் சந்தித்தார்கள். பீட்டரின் நாட்குறிப்பில் ஸ்மித் தம் கையால் எழுதிய வரிகள் இன்றும் இருக்கின்றன.

மாளிகையைச் சுற்றிக் காட்டிய பெண்ணிடம் தரங்கம்பாடியைப் பற்றிக் கேட்டேன். "அண்ணன் ஆளுநர் என்று தெரியும். நீங்கள் அங்கிருந்தா வருகிறீர்கள்?" என்றார். "அதற்குப் பக்கத்து மாவட்டம்" என்றேன். அதன்பின் ஒவ்வொரு அறையிலும் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்கினார்.

நெப்போலியன் போர்கள்தான் இந்த வீட்டை வரலாற்றுக்குள் இழுத்தன. 1807இல் ஆங்கிலேயர்கள் கோபன்ஹேகனைக் குண்டு வீசி எரித்துக் கப்பற்படையைக் கொண்டுபோனார்கள். டென்மார்க் பிரான்ஸ் பக்கம் சாய்ந்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் கடலை அடைத்தன. தானியக் கப்பல் வரவில்லை. நார்வேயில் பஞ்சம். பைன் மரத்தின் உட்பட்டையைக் காயவைத்து இடித்து, இருக்கிற மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள். 1808இல் தரங்கம்பாடியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. தோற்ற பக்கத்தில் நின்ற டென்மார்க், 1814 ஜனவரி 14 அன்று கீல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நார்வேயை ஸ்வீடன் அரசருக்கு விட்டுக்கொடுத்தது. கொடுக்கப்பட்ட மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது நார்வேயில் அரசரின் பிரதிநிதியாக இருந்தவர் டேனிஷ் இளவரசர் கிறிஸ்டியான் ஃபிரெடெரிக். பிப்ரவரி 16 அன்று இதே வீட்டில் பெரிய மனிதர்களைக் கூட்டினார். வாரிசு உரிமைப்படி முடி தமக்கே என்பது அவர் எண்ணம். பேராசிரியர் கெயோர்க் ஸ்வெர்ட்ரூப் மறுத்தார்: அரசர் நார்வேயைக் கைவிட்ட அன்றே ஆட்சியுரிமை மக்களிடம் திரும்பிவிட்டது, அதன் மேல் மற்ற எந்த நார்வேக்காரனுக்கும் இருப்பதைவிட இளவரசருக்கு அதிக உரிமை இல்லை. இளவரசர் இறங்கிவந்தார்.

அடுத்து நடந்ததுதான் வியப்பு. நாடெங்கும் தேவாலயங்களில் மக்கள் கூடினார்கள். நாட்டின் விடுதலையைக் காப்போம் என்று கையுயர்த்திச் சத்தியம் செய்தார்கள். அங்கேயே தங்கள் தேர்வாளர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். இப்படிப் படிப்படியாகத் தேர்ந்து வந்த 112 பேர் ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறன்று ஐட்ஸ்வொல் தேவாலயத்தில் வழிபட்டு, மறுநாள் இந்த மாளிகையின் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அரசு அதிகாரிகளும் பாதிரியார்களும் படைத்துறையினரும். 37 பேர் விவசாயிகள். மிக இளையவர் தாமஸ் கோனோவ் என்ற பதினேழு வயதுக் கடற்படை வீரர். வடகோடி மாவட்டங்களிலிருந்து யாரும் இல்லை. செய்தி போய்ச் சேர்ந்து ஆள் வந்து சேரக் காலம் போதவில்லை. வீட்டுக்காரரும் இல்லை! இளவரசருக்காக ஆதரவு தேடி லண்டன் போயிருந்தார் கார்ஸ்டன். ஆதரவு கிடைக்கவில்லை, பழைய கடனுக்காக அங்கே சிறைவாசம்தான் கிடைத்தது.

கூடம் நான் நினைத்ததைவிடச் சிறியது. முதுகு சாயாத மரப் பலகைகள், சுவரோரம் ஸ்ப்ரூஸ் கிளைகளால் கட்டிய தோரணம். 1814இல் கட்டியதைப் போலவே இன்றும் கட்டி வைத்திருக்கிறார்கள். அதிகாரிகளுக்குப் பக்கத்தில் விவசாயிகள் இடிபட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து வாரம் விவாதித்தார்கள். மே 16 அன்று அரசியல் சட்டம் நிறைவேறியது. 17 அன்று கையெழுத்தாகி, கிறிஸ்டியான் ஃபிரெடெரிக் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விவசாயிகளுக்கு இந்தத் துணிவு எப்படி வந்தது? நிலம் சொந்தமாக வைத்திருந்த உழவர்கள் நார்வேயில் ஏராளம். பண்ணைப் பிரபுக்கள் அபூர்வம். 1736இல் தேவாலய உறுதிபூசுதல் கட்டாயமாயிற்று. 1739இல் கிராமப் பள்ளிச் சட்டம் வந்தது. வேதபோதனையை வாசிக்கக் கற்பதே நோக்கம். ஆனால் வாசிக்கத் தெரிந்தவன் அதோடு நிறுத்துவானா? ஹான்ஸ் நீல்சன் ஹவ்கே என்ற விவசாயி மகன் 1796 முதல் ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்தான். நடக்கும்போதும் கை சும்மா இராமல் கம்பளி பின்னிக்கொண்டே போனானாம். பாதிரியார் இல்லாமல் ஜெபக்கூட்டம் நடத்தக் கூடாது என்று 1741இலிருந்தே சட்டம் இருந்தது. 1804இல் அவனைச் சிறையில் தள்ளினார்கள். கடல் முற்றுகையில் உப்புக்குத் தட்டுப்பாடு வந்ததும், உப்பு காய்ச்சத் தெரிந்தவன் என்று 1809இல் அதே அரசு அவனைச் சிலகாலம் வெளியே விட்டு உப்பாலைகள் போடச் சொன்னது. அவன் வழி வந்தவர்களில் சிலர் ஐட்ஸ்வொல் கூடத்தில் உறுப்பினர்களாகவே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைய ஐரோப்பாவில் இதைப் போல வாசலை அகலத் திறந்த சட்டம் வேறில்லை. 25 வயது நிரம்பிய ஆண்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு வாக்குரிமை. ஆனால் கண்காட்சியின் பலகைகளை நிதானமாக வாசித்தால் வாசலுக்கு வெளியே நின்றவர்களும் கண்ணில் படுகிறார்கள். இரண்டாவது பிரிவு மதச் சுதந்திரம் பேச வேண்டிய இடம். லூத்தரன் திருச்சபையே அரசு மதம் என்கிறது. ஜெசுவிட்களும் துறவு மடங்களும் கூடாது என்கிறது. யூதர்கள் நாட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்கிறது. விடுதலைக்காக வாதாடிய ஸ்வெர்ட்ரூப் முதலியோரே இதை ஆதரித்தார்கள். ஆதரித்த இன்னொருவர் நிக்கோலாய் வெர்கெலான் என்ற பாதிரியார். 1817இல் அவர் இதே ஐட்ஸ்வொலுக்குப் பங்குத்தந்தையாக மாற்றலாகி வந்தார். கூடவே வந்த பிள்ளைகள் ஹென்ரிக்கும் கமில்லாவும்.

தந்தை அடைத்த கதவை மகன் ஹென்ரிக் வெர்கெலான் திறக்கப் பாடுபட்டார். யூதர்களை அனுமதிக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1839இல் நாடாளுமன்றத்துக்கு முன்மொழிவு அனுப்பினார்; 'யூதன்', 'யூதப் பெண்' என இரு கவிதைத் தொகுதிகள் எழுதினார். 1842 வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைத்தது, மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. 1845இல் 37 வயதில் அவர் இறந்தார். தடை நீங்கியது 1851இல். ஜெசுவிட்கள் மீதான தடை போக 1956 வரை ஆயிற்று. தங்கை கமில்லா கொலெட், 1854–55இல் 'மாவட்ட ஆளுநரின் மகள்கள்' நாவலை எழுதி, நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குத் தன் திருமணத்தில்கூடச் சொல்லுரிமை இல்லாத நிலையைக் கேள்வி கேட்டார். பெண்களுக்குப் பொதுத்தேர்தல் வாக்குரிமை வந்தது 1913இல்.

மே 17 கொண்டாட்டமும் எளிதாக வந்ததில்லை. 1814 கோடையில் ஸ்வீடன் படையெடுத்தது. சில வாரப் போருக்குப் பின் கிறிஸ்டியான் ஃபிரெடெரிக் முடியைத் துறந்தார். நவம்பரில் நார்வே ஸ்வீடனோடு ஒரே அரசரின் கீழ் இணைந்தது. சட்டம் மட்டும் தேவையான திருத்தங்களோடு தப்பிப் பிழைத்தது. மே 17ஐக் கொண்டாடுவது ஸ்வீடன் அரசருக்குப் பிடிக்கவில்லை. 1829இல் கிறிஸ்டியானியா சந்தைத் திடலில் கூடிய மக்களைக் குதிரைப்படை விரட்டியது. கூட்டத்தில் மாணவர் ஹென்ரிக்கும் இருந்தார். இன்று ஊர்தோறும் குழந்தைகள் கொடி பிடித்துப் போகும் ஊர்வலம் தலைநகரில் தொடங்கியது 1870இல். முதலில் பையன்கள் மட்டும். சிறுமிகள் சேர்ந்தது 1889இல்.

ஐட்ஸ்வொல் ரயில் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. கோடையில் சில நாட்கள் மட்டும் ஸ்கீப்லாட்னர் என்ற நீராவிக் கப்பல் இங்கே வருகிறது. ரயில் வந்து இரண்டே ஆண்டில், 1856இல், மியோசா ஏரியில் விட்ட கப்பல், இன்னும் ஓடுகிறது. இருபுறமும் துடுப்புச் சக்கரம் சுழல, வெள்ளைக் கப்பல் வடக்கே நகர்ந்தது. பித்தளைத் தண்டுகள் ஏறி இறங்குவதை மேலிருந்து குனிந்து பார்க்கலாம். சால்மன் மீனும் ஸ்ட்ராபெரியும் இந்தக் கப்பலின் பாரம்பரியச் சாப்பாடு. மீனில் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை; மிளகாய் பழகிய நாக்குக்கு அது ஒரு தவம். ஸ்ட்ராபெரிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

கரையில் பெரிய பெரிய பண்ணை வீடுகள். ஹாமர் வட்டாரம் நார்வேயின் செழிப்பான உழவு நிலம். என் எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, "வீடுகளைப் பார்க்கிறீர்கள் அல்லவா, மேலே காட்டோரம் பாருங்கள்" என்றார். "அங்கேதான் எங்கள் ஆட்கள் இருந்தார்கள்." அவர் சொன்னது ஹூஸ்மான் குடிகளை. பண்ணைக்காரரிடம் ஒரு குடிசையும் துண்டு நிலமும் பெற்று, அதற்கு ஈடாக அவர் கூப்பிட்டபோதெல்லாம் வேலைக்குப் போக வேண்டியவர்கள். நிலம் அவர்கள் பெயரில் பதிவாகாததால் வாக்கும் இல்லை. 1801இல் நார்வேயின் மக்கள்தொகை சுமார் 8,83,000. 1900இல் 22 லட்சத்தை எட்டியது. அம்மைத் தடுப்பூசியும் உருளைக்கிழங்கும் நீண்ட அமைதியும் உயிர்களைக் காத்தன; நிலம் மட்டும் பெருகவில்லை. நூற்றாண்டின் நடுவில் ஹூஸ்மான் குடும்பங்கள் அறுபதாயிரத்தைத் தாண்டின.

இவர்களுக்காக முதலில் எழுந்த குரல் மார்குஸ் த்ரானேயுடையது. 1848 இறுதியில் டிராம்மன் நகரில் தொழிலாளர் சங்கம் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் நாடெங்கும் ஏறக்குறைய 400 சங்கங்கள், முப்பதாயிரம் உறுப்பினர்கள். எல்லா ஆண்களுக்கும் வாக்கு, ஹூஸ்மான்களுக்கு நியாயமான ஒப்பந்தம் என்று அரசருக்கு மனுக் கொடுத்தார்கள். 1851இல் த்ரானே கைதானார். சிறை மீண்டு அமெரிக்கா போய்விட்டார். யூதர்களுக்குக் கதவு திறந்த அதே ஆண்டில் தொழிலாளிக்குச் சிறைக்கதவு மூடியது. ஆண்கள் அனைவருக்கும் வாக்கு 1898இல்தான் வந்தது.

அமெரிக்கா போனவர் அவர் ஒருவர் மட்டுமா? 1825 ஜூலையில் 'ரெஸ்டவ்ரேஷன்' என்ற சிறு கப்பலில் 52 பேர் ஸ்டாவாங்கரிலிருந்து புறப்பட்டார்கள். பலர் மத நெருக்கடிக்குத் தப்பிய குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர். அடுத்த நூறாண்டில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அயர்லாந்துக்கு அடுத்தபடியாக ஆட்களை இழந்த நாடு இது. "என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் தம்பிகள் மின்னசோட்டாவில்" என்றார் ஆசிரியை. "போனவர்களுக்கு நிலம் கிடைத்தது. இருந்தவர்களுக்கு இடம் கிடைத்தது."

லில்லேஹாமரில் இறங்கி மலையேறினால் மைஹவ்கன். ஆண்டெர்ஸ் சான்ட்விக் என்ற பல் மருத்துவர் 1887 முதல் பள்ளத்தாக்குகளிலிருந்து பழைய வீடுகளையும் பொருள்களையும் வாங்கிச் சேர்த்த இடம். 1904இல் பொதுமக்களுக்குத் திறந்தது. பியோர்ன்ஸ்டாட் என்ற பெரும் பண்ணையை அப்படியே பெயர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கட்டடம், ஆட்டுக்கு ஒன்று, தானியத்துக்குத் தூண்மேல் நிற்கும் களஞ்சியம். அலமாரிகளில் இலைச்சுருள் செதுக்கு வேலை. அங்கிருந்து சற்று நடந்தால் ஹூஸ்மான் குடிசை: தாழ்ந்த வாசல், ஒரே அறை, ஓர் அடுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்களும் கவிஞர்களும் தேசத்தின் முகமாகக் கொண்டாடியது முதல் வீட்டை. அஸ்பியோர்ன்சனும் மோவும் 1841 முதல் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைகளில் சாம்பலைக் கிளறிக்கொண்டிருக்கும் கடைக்குட்டிப் பையன் இளவரசியை மணக்கிறானே, அவன் பெரும்பாலும் இரண்டாவது வீட்டுப் பிள்ளை.

ஆஸ்லோ திரும்பியதும் 'நம் மீட்பர்' கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இப்சன், பியோர்ன்சன் என்ற எழுத்தாளர்களின் கல்லறைகளில் கூட்டம் நிற்கிறது. ஹென்ரிக் வெர்கெலானின் கல்லறை மேல் உள்ள நினைவுச்சின்னம் 1849இல் ஸ்வீடன் நாட்டு யூதர்கள் நன்றியாக எழுப்பியது. தடை நீங்காத காலம் ஆகையால் நார்வேயில் அதை எழுப்ப யூதர்கள் இல்லை. ஒவ்வொரு மே 17 அன்றும் ஆஸ்லோ யூத சமூகத்தினர் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். அமெரிக்காவில் இறந்த த்ரானேயின் எச்சங்களையும் 1949இல் இங்கேயே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். சிறையில் தள்ளிய நாடுதான். காலம் கடந்தாலும் இடம் கொடுத்தது.

பீட்டர் ஆங்கர் தரங்கம்பாடியிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. அவர் ஆண்ட ஊரின் மக்களிடம் 1814 உடன்பாட்டில் ஊர் டென்மார்க்குக்கே திரும்பியபோது மட்டுமல்ல, 1845இல் டென்மார்க் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபோதும் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே கைமாற்றப்பட்டதற்காகக் கொதித்தெழுந்தது நார்வே. அதே அவமானம் தரங்கம்பாடிக்கும் நேர்ந்தது. அதற்கு ஒரு ஐட்ஸ்வொல் அமையவில்லை.

அதற்காக ஐட்ஸ்வொலைச் சிறியதாக்க நான் விரும்பவில்லை. ஐந்து வாரத்தில் அங்கே எழுதிய சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. எழுதியவர்கள் கதவைப் பாதிதான் திறந்தார்கள். மீதியைத் திறந்தவர்கள் பாதிரியாரின் பிள்ளைகள், கம்பளி பின்னிய பிரசங்கி, காட்டோரக் குடிசைக்காரர்கள், அவர்களுக்காகச் சிறை போனவர்கள். அதற்கு அவர்களுக்கு நூறு ஆண்டு பிடித்தது. நார்வேயின் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் சாரம் இதுதான் என்பேன். ஆஸ்லோவில் இன்று ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களைப் பார்க்க நம்மவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போகிறவர்கள் ஒரு நாளை ஐட்ஸ்வொலுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். கூடத்தைக் காட்டும்போது இரண்டாவது பிரிவையும் வாசித்துக் காட்டுங்கள்.